காண்க: பக்கம் 347

போன வாரம் கூரியரில் வந்த புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் திறந்தேன். நீங்களும் அப்படித்தான் திறப்பீர்கள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறவர் மாதிரி என்னிடம் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். தென்பாண்டி நாட்டு வரலாறு, 712 பக்கம், மூன்றாம் பதிப்பு. அட்டையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அதற்குள் ‘விரிவான சொல்லடைவுடன்’ என்று அச்சடித்திருந்தார்கள். கார் விற்கிறவன் ‘பிரேக்குடன்’ என்று விளம்பரம் செய்வதில்லை. தமிழில் வரலாற்றுப் புத்தகம் போடுகிறவருக்கு மட்டும் இதை வட்டத்துக்குள் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சு வரிசையில் விரலை ஓட்டினேன். சுசீந்திரம், சுத்தமல்லி, சுந்தர சண்முகனார். அடுத்த வரியில் ‘சுந்தரபாண்டியபுரம் – 347’. இத்தனை வருஷ வாசிப்பில் எந்தச் சொல்லடைவிலும் என் ஊர்ப் பெயரைப் பார்த்ததில்லை.

“இங்க வா, நம்ம ஊரு வந்திருக்கு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

“ஊரே வந்திருக்கா? எத்தனை பேருக்கு உலை வைக்கணும்?” என்றாள்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள் வேறு எப்படிக் கேட்பாள்? சாரல் பிடித்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு வராத உறவு கிடையாது. துண்டு கொண்டுவர மறந்த உறவுதான் அதிகம்.

347-ஆம் பக்கத்தைத் திறந்தேன். உப்பு வரி. பக்கம் முழுக்க உப்பு. தூத்துக்குடி இருந்தது, காயல்பட்டினம் இருந்தது, உப்பு அளக்கும் மரக்கால்கூட இருந்தது. ஊரைக் காணோம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அடிக்குறிப்பையும் படித்தேன். உப்பளத்தில் என் ஊருக்கு என்ன வேலை என்று யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. முதல் பதிப்புக்குப் போட்ட சொல்லடைவை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்தை மட்டும் பெரிதாக்கி, பக்கங்களை எல்லாம் நகர்த்திவிட்டார்கள். ஊர்கள் எல்லாம் இடம் பெயர்ந்து கிடக்கின்றன. முகவரிப் பட்டியல் மட்டும் பழையது.

கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில், சமீபத்தில் படித்த வாழ்க்கை வரலாறு, சமயம், சரித்திரம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கால்டுவெல் பற்றி எனக்கு ஒரு முக்கியமான கருத்து இருக்கிறது, யாரும் சொல்லாதது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன். ஆனால் 347-ஐ முடிக்காமல் கால்டுவெல்லுக்குப் போக மனசு வரவில்லை.

கணக்கில் நான் மோசமில்லை. சொல்லடைவில் ‘ஆஷ் – 288’ என்றிருந்தது. அசலில் ஆஷ் 331-இல் சுடப்படுகிறார். ‘செங்கோட்டை – 290’ என்றிருந்தது. அது 334-இல் கிடைத்தது. ஆகப் பழைய பக்க எண்ணை ஒன்றே கால் அல்ல, ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் குறைவான எண்ணால், அதாவது 1.15-ஆல் பெருக்க வேண்டும். 347-ஐப் பெருக்கினால் 399. வெற்றியோடு 399-ஐத் திருப்பினேன். அங்கே ஒரு வழவழப்பான தாளில் ஆசிரியர் விருது வாங்கும் படம். அதற்கடுத்த தாளில் அதே விருதை வேறு கோணத்திலிருந்து வாங்குகிறார். இப்படிப் பதினாறு பக்கம் படம். இந்தப் பதினாறைக் கணக்கில் சேர்த்தார்களா, சேர்க்கவில்லையா? சேர்க்கவில்லை என்றால் 415. திருப்பினேன். ‘மூன்றாம் பதிப்பில் புதிதாகச் சேர்க்கப்பட்ட இயல்’ என்று தலைப்பு. ஆக, அதற்கு முன்பு இருப்பவைக்கு ஒரு கணக்கு, பின்னால் இருப்பவைக்கு வேறொரு கணக்கு.

மதுரையில் இருக்கும் மருமகன் விடுமுறைக்கு வந்திருந்தான். “மாமா, பி.டி.எஃப். வாங்கியிருந்தா ஊர் பேரைத் தட்டினா வந்துருமே” என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எந்தத் துயரத்துக்கும் முன்னமே வாங்கியிருக்க வேண்டிய ஒரு பொருளைச் சொல்வார்கள். சரி, உதவட்டும் என்று அவனையே விட்டேன். போனில் படம் பிடித்து எழுத்தை அடையாளம் காணும் வித்தை ஒன்று இருக்கிறதாம். பத்துப் பன்னிரண்டு பக்கம் படம் பிடித்தான். போன், ‘சுந்தரபாண்டியபுரம்’ என்பதை எங்கேயும் காணவில்லை என்றது. ‘உப்பு’ என்பதை மட்டும் நிறையக் கண்டுபிடித்தது.

வேறு அடையாளங்களை வைத்து நெருங்கலாம் என்று பார்த்தேன். பக்கத்து ஊர்கள் எந்தப் பக்கத்தில் என்று பார்த்தால் எங்கள் ஊரும் அங்கேதானே இருக்க வேண்டும்? சுரண்டை: ‘காண்க – பருத்தி’. பருத்தி: ‘காண்க – வேளாண்மை’. வேளாண்மைக்கு இருபத்தேழு பக்க எண்கள். தென்காசி: ‘பல இடங்களில்’. இதைவிட நேர்மையான பதிவை நான் பார்த்ததில்லை. தென்காசியில் எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்டால் என் மச்சினனும் இதையேதான் சொல்வான்.

பெயரை வைத்து நெருங்கலாமா என்று பார்த்தால் அங்கே கூட்டம். சுந்தரபாண்டியன் என்று மட்டும் ஒரு பத்தி நிறைய ராஜாக்கள். 1216-இல் பட்டமேறியவர் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1251-இல் பட்டமேறி ஸ்ரீரங்கத்திலும் சிதம்பரத்திலும் பொன் வேய்ந்தவர் சடையவர்மன் சுந்தரபாண்டியன். அதற்குப் பிறகும் சுந்தரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரே சமயத்தில் அண்ணன், தம்பி, மகன் என்று பல பேர் ஆளுக்கொரு பக்கம் ஆண்டிருக்கிறார்கள், அதில் பாதிப் பேருக்கு ஒரே பெயர். மார்க்கோ போலோவே ஒரு சுந்தரபாண்டியனைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்தச் சொல்லடைவு தயாரித்தவர், தன் பங்குக்குச் சடையவர்மனை ஒரு பதிவாகவும் ஜடாவர்மனை இன்னொரு பதிவாகவும் போட்டு, பாண்டியர் பரம்பரையில் ஒரு ராஜாவைக் கூட்டியிருக்கிறார். 

கல்லிடைக்குறிச்சியில் பிறந்த நீலகண்ட சாஸ்திரி 1929-இல் ‘பாண்டியன் கிங்டம்’ எழுதி இந்தச் சுந்தரர்களையும் வீரர்களையும் குலசேகரர்களையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தார். அரை நூற்றாண்டு கழித்து 1978-இல் கும்பகோணம் என். சேதுராமன், கல்வெட்டில் சொன்ன நட்சத்திரம், திதி, கிழமை மூன்றையும் வைத்துக் கணிதம் போட்டு வரிசையையே மாற்றினார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ராஜாவுக்குப் பட்டம் சூட்டிய நாளைக் கணக்குப் போட்டுப் பிடிக்க முடிகிறது. போன வருஷம் அச்சான புத்தகத்தில் ஒரு ஊர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிடிக்க முடியவில்லை. எங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்த சுந்தரபாண்டியன் இவர்களில் எவர் என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எல்லாரும் பொன் வேய்ந்தவரையே சொந்தம் கொண்டாடுவார்கள். மற்றவர்களும் ஏதாவது வேய்ந்திருக்கலாம்.

சாயங்காலம் டீக்கடையில் தபால் ஆபீஸ் நண்பரிடம் இதைச் சொன்னேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் ஊரில் அவர் இன்னும் தபால் ஆபீஸ்தான். முழுக்கக் கேட்டுக்கொண்டார். கணக்கைப் பாராட்டினார். பிறகு, “முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சா எங்கயாவது தட்டுப்படுமே, வே” என்றார்.

எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் வாசிப்பதாக இருந்தால் நான் எதற்கு வரலாற்றுப் புத்தகம் வாங்குகிறேன்?

தமிழில் இப்படிப்பட்ட புத்தகத்தை முன்பக்கத்திலிருந்து வாசிக்கிறது லேசுப்பட்ட காரியமில்லை. பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, ஆசிரியருரை, இரண்டாம் பதிப்பின் முன்னுரை, மூன்றாம் பதிப்பின் முன்னுரை, நன்றி. வாழ்க்கை வரலாறு என்றால் கதாநாயகர் பிறப்பதற்குள் நாற்பது பக்கம் ஓடிவிடும். பிறந்ததும் ‘சிறுவயதிலேயே’ என்று ஆரம்பிக்கும். சிறுவயதிலேயே அறிவுக்கூர்மை, சிறுவயதிலேயே இரக்கம், சிறுவயதிலேயே அநீதி கண்டு பொங்கல். தமிழ்நாட்டில் பிறந்த எந்தப் பெரிய மனிதரும் சிறுவயதில் கோலி விளையாடித் தோற்றதாக நான் படித்ததில்லை. உ.வே.சா. ஒருவர்தான் விதிவிலக்கு. ஒரு பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி ஒரு குடும்பமே அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராக மூட்டையைக் கட்டிய கதையை அலங்காரமில்லாமல் சொல்கிறார். ‘என் சரித்திரம்’ 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளில் முக்கால்வாசி அதைப் படிக்காமலே எழுதப்பட்டவை என்பது என் முடிவு.

உ.வே.சா. மேலும் எனக்கு வருத்தம் உண்டு. திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அந்தத் தேசிகர் மேலகரத்துக்காரர். மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும் மேலகரம்தான். ஒரே ஊருக்கு இரண்டு பேர்! மேலகரத்துக்காரன் இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சுற்றிலும் இதே கதைதான். செங்கோட்டைக்கு வாஞ்சிநாதன். கடையத்துக்குப் பாரதி. குற்றாலத்துக்கு ரசிகமணி டி.கே.சி., அவரைப் பார்க்க வந்த ராஜாஜி, கல்கி. தென்காசிக்குப் பராக்கிரம பாண்டியன். ரயில்கூட கடையம், பாவூர்சத்திரம் என்று வந்து நேராகத் தென்காசிக்குப் போய்விடுகிறது. 1900-களின் தொடக்கத்தில் தண்டவாளம் போட்டவர்கள் எங்களை ஏன் தாண்டிப் போனார்கள் என்பதற்கு ரயில்வே சரித்திரத்தில் காரணம் இருக்கும்; அதிலும் சொல்லடைவு இருக்காது. வாழ்க்கை வரலாறு எழுதப்பட்ட எல்லாப் பெரிய மனிதர்களும் ஒருநாள் குற்றாலத்துக்கு வருகிறார்கள். ‘குற்றாலத்தில் சில நாட்கள்’ என்று ஒரு இயல் கட்டாயம் உண்டு. வந்தார், எண்ணெய் தேய்த்துக்கொண்டார், அருவியில் நின்றார், டி.கே.சி. வீட்டில் சாப்பிட்டார், கம்பன் பாட்டுக் கேட்டார், போனார். 1934-இல் வந்த காந்தி ஒருவர்தான் அருவியில் குளிக்கவில்லை. ஹரிஜனங்கள் அங்கே போகத் தடை இருக்கும்வரை தானும் குளிப்பதில்லை என்று நின்றுவிட்டார். அவ்வளவு பேர் நனைந்த அருவியில், நனையாமல் போன ஒரு மனிதரைப் பற்றித்தான் ஒரு முழுப் புத்தகம் எழுதலாம். ஆனால் நம் ஆட்கள் அதை ஒரு வரியில் தாண்டி, அன்று எத்தனை ரூபாய் நிதி திரண்டது என்பதற்குப் போய்விடுவார்கள்.

பாரதி விஷயம் இன்னும் மோசம். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்து, கடலூரில் பிடிபட்டு, விடுதலையாகி, செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு வருகிறார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இந்தப் பக்கம் இருந்திருக்கிறார். உட்கார்ந்த இடத்தில் உட்காராத மனுஷன். நடக்கிற ஆள். கடையத்திலிருந்து இங்கே வராமலா இருந்திருப்பார்? செல்லம்மாள் எழுதியதைப் பார்த்தேன், வ.ரா.வைப் பார்த்தேன். எல்லாரும் கடையத்தை அவசரமாக முடித்துக்கொண்டு திருவல்லிக்கேணி யானைக்கு ஓடுகிறார்கள். நம் ஜனங்களுக்கும் பாரதியின் வாழ்க்கையில் தெரிந்த ஒரே ஆள் அந்த யானைதான். 1921 ஜூனில் யானை தள்ளியது, செப்டம்பரில் வயிற்றுக் கடுப்பில் போனார் என்று சொன்னால், யானையின் வக்கீலைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

“ஒரு திண்ணையைக் காட்டி, பாரதி உக்காந்த திண்ணைன்னு எழுதிப்போடும். பத்து வருஷத்துல சரித்திரம் ஆயிரும்” என்றார் தபால் ஆபீஸ்.

யோசனை மோசமில்லை. ஊரில் நல்ல திண்ணைகள் மிச்சம் இருக்கின்றன. எங்கள் வீட்டுத் திண்ணையையே கொடுத்திருப்பேன். உட்கார்ந்தார் என்று சொன்னால் போதாது. மோர் வாங்கிக் குடித்தார், குடித்துவிட்டு ஒரு பாட்டு எழுதினார், அந்தப் பாட்டு எழுதிய தாளை யாரோ அறியாமல் அடுப்பில் போட்டுவிட்டார்கள் என்றும் சேர்க்க வேண்டும். தாள் அடுப்பில் போகாத உள்ளூர் வரலாறு எங்கேயும் கிடையாது. ஆனால் இப்போது ஆ. இரா. வேங்கடாசலபதி மாதிரி ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆவணம் எங்கே என்பார்கள். அவருடைய ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ புத்தகத்துக்கு 2024-ஆம் வருஷத்து சாகித்திய அகாதெமி விருது கிடைத்ததும் வாங்கினேன். மார்ச் 13-ஆம் தேதி திருநெல்வேலி ஊரே எழுந்து நின்றதை போலீஸ் கோப்பு, கோர்ட் பதிவு என்று தோண்டி எடுத்து எழுதியிருக்கிறார். நல்ல புத்தகம். அதிலும் நான் முதலில் தேடியது வ.உ.சி.யை அல்ல. கைதானவர்களில் எங்கள் பக்கத்து ஆள் யாராவது உண்டா என்றுதான். ஒரு கல்லாவது எறிந்திருக்க மாட்டானா?

கால்டுவெல்லுக்கு வருகிறேன். அவர் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதியது 1881. புத்தகத்தின் தலைப்பே மூன்று வரி. ஆதிகாலம் முதல் 1801-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது வரை. இடையன்குடியில் உட்கார்ந்து...

இந்த இடத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கொல்லம் பக்கத்துக் குடும்பம். கண்ணாடியை இறக்கி, “சேட்டா, அந்நியன் பாறை எவிடெயா?” என்றார்கள்.

இதுதான் எங்கள் ஊரின் சரித்திரம். 1992-இல் ‘ரோஜா’ படத்துக் கதாநாயகிக்குச் சுந்தரபாண்டியபுரத்தைச் சொந்த ஊராக்கினார் மணிரத்னம். அதற்குப் பிறகு ஷங்கர் வந்து பாறைக்குச் சாயம் அடித்துவிட்டுப் போனார். வெயிலும் மழையும் அந்தச் சாயத்தை என்னவெல்லாமோ செய்துவிட்டன. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. செங்கோட்டைக்காரர் மணியாச்சியில் ஆஷைச் சுட்டது 1911 ஜூன் 17. ‘அந்நியன்’ வெளியானது 2005 ஜூன் 17. ஒரே தேதியில் அந்த ஊருக்கு ஒரு துப்பாக்கியும் எங்கள் ஊருக்கு ஒரு பாறையும் கிடைத்திருக்கின்றன. ஆடி மாதம் சூரியகாந்தி பூத்துவிட்டால் போதும். பூவை முகத்துக்குப் பக்கத்தில் வளைத்துப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க மலை தாண்டி வருகிறார்கள். வரப்பை மிதிப்பதற்குக் காசு கேட்கிறார்கள் என்று பத்திரிகையில் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். வித்துக்காக விதைத்தவன் பூவைக் கொடுத்துவிட்டு எதைச் செக்கில் ஆட்டுவான்? இவர்களில் ஒருவராவது கையில் சரித்திரப் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஒருவனிடம் “என்ன வாசிக்கிறீங்க?” என்று கேட்டிருப்பார்களா? பாறைக்கு வழி சொன்னேன். கொஞ்சம் சுற்று வழி.

வீட்டில் இருக்கிறவளுக்குச் சரித்திரத்தில் ஈடுபாடு இல்லை, பக்திப் புத்தகம்தான். அதனால் கண்ணதாசனின் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ எங்கள் வீட்டில் பல பாகங்கள் இருக்கின்றன. முதல் பாகம் மட்டும் இரண்டு பிரதி. ஒன்று கல்யாணத் தாம்பூலப் பையில் வந்தது. நாத்திக மேடையில் நின்றவர் இதை எழுதினார் என்பதுதான் அதன் ருசி. அதே மனிதர் ‘வனவாசம்’ என்று தன் அரசியல் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், கடவுளைப் பற்றி எழுதும்போதைவிடக் கட்சிக்காரர்களைப் பற்றி எழுதும்போதுதான் அவருக்கு நம்பிக்கை, அவநம்பிக்கை எல்லாம் உயிரோடு வருகிறது. இதைச் சொன்னதற்கு அன்று ராத்திரி எனக்கு ரசத்தில் உப்பில்லை. உப்பு முழுக்க 347-இல் இருந்தது.

தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ வேறு விதமாக வேலை செய்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்ட ஆய்வேடு. ஆய்வேடு இவ்வளவு வாசிக்கும்படி இருக்கலாம் என்பதே அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. சாமி ஏன் கள்ளர் வேஷத்தில் போகிறார், எந்தச் சாதிக்கு எந்த மரியாதை, அது எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். அதை முடித்த சூட்டோடு எங்கள் ஊர்க் கொடைக்குப் போய், முதல் மரியாதை யாருக்கு, எந்த வருஷத்திலிருந்து என்று பூசாரியிடம் விசாரித்தேன். அவர் பதில் சொல்லவில்லை. திருநீறு எனக்குக் கடைசியாகக் கொடுத்தார். சமய ஆராய்ச்சியில் கள ஆய்வு கஷ்டம் என்று தொ.ப. எங்கேயாவது எழுதியிருப்பார், தேடிப் பார்க்கத்தான் சொல்லடைவு வேண்டும்.

பக்தியும் சரித்திரமும் சுயசரிதையும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் தென்காசிக் கோயிலுக்குப் போகலாம். காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டாம், கல்லில் இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதருக்குக் கோயில் எடுக்க ஆரம்பித்தார். மதுரை கைவிட்டுப்போன ராஜா. கோயில் நிற்குமோ நிற்காதோ என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது. பிற்காலத்தில் இதற்குப் பழுது வந்து, யாராவது எடுத்துக் கட்டினால் அவர்கள் காலில் விழுகிறேன் என்று செய்யுளில் எழுதி வைத்துவிட்டார். ராஜாக்கள் எல்லாரும் மெய்க்கீர்த்தியில் யார் யாரைத் தன் காலில் விழவைத்தார்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது, இன்னும் பிறக்காத ஒருவன் காலில் முன்கூட்டியே விழுந்த ஆள் இவர். அவர் பயந்தபடியே 1924-இல் ராஜகோபுரம் எரிந்தது. அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் மொட்டைக் கோபுரமாக நின்றது. நான் சின்ன வயதில் பார்த்தது அதைத்தான். அப்புறம் ஒன்பது நிலையாக எடுத்துக் கட்டி 1990-இல் கும்பாபிஷேகம் நடந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் பெயரெல்லாம் இருக்கின்றன. சாரத்தில் ஏறிச் சுதை வேலை பார்த்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ராஜா விழுந்த கும்பிடு அவர்களுக்கும் சேர்த்துத்தானே?

இதை வாசகர் வட்டத்தில் சொன்னால் ‘சர்ச்சை வேண்டாம் சார்’ என்பார்கள். கால்டுவெல்லையே பேசிவிடலாம் என்றால், அந்தக் கருத்தை எழுதி வைத்த காகிதத்தை எந்தப் புத்தகத்துக்குள் வைத்தேன் என்று தெரியவில்லை.

தேடும்போது அலமாரியில் ஒன்றைக் கவனித்தேன். என்னிடம் இருக்கிற சுயசரிதைகள் எதிலும் யாரும் சாகவில்லை. சாக முடியாது என்பது தெரிந்ததுதான். ஆனால் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். காந்தி, 1920-களின் வாசலிலேயே ‘சத்திய சோதனை’யை நிறுத்தி, இதற்கு மேல் என் வாழ்க்கை எல்லாருக்கும் தெரியும் என்று கும்பிடு போட்டுவிட்டார். உப்புச் சத்தியாக்கிரகம் அதில் இல்லை. (உப்பு வேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன்.) உ.வே.சா. மணிமேகலையைப் பதிப்பித்த காலம் வரைக்கும் வந்து, 1942-இல் காலமாகிவிட்டார். கதை அங்கேயே நிற்கிறது. கண்ணதாசன் கட்சியை விட்டு வெளியே வந்ததோடு ‘வனவாச’த்தை முடித்துக்கொண்டார்.

முழுசாக ஒரு வாழ்க்கை வேண்டுமென்றால் அடுத்தவர் எழுத வேண்டும். அப்படி முழுசாக எழுதப்பட்ட ஒன்று என்னிடம் இருந்தது. உ.வே.சா. தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு எழுதிய சரித்திரம், 1933-இல் ஒன்றும் 1934-இல் ஒன்றுமாக இரண்டு பாகம். முதல் பாகம் அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் பாகத்தைத் தபால் ஆபீஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பல மழைக்காலம் ஆகிவிட்டது. அதனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை மகாவித்துவான் இன்னும் காலமாகவில்லை.

நேற்று டீக்கடையில் விடாமல் பிடித்துக்கொண்டேன். ஊரெல்லாம் கடிதம் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷனுக்கு ஒரு புத்தகத்தைத் தெருவைத் தாண்டிக் கொண்டுவரத் தெரியாதா என்று கேட்டேன்.

“வாசிச்சிட்டுத்தான் இருக்கேன், வே. கடன்ல ரொம்பக் கஷ்டப்படுதாரு பிள்ளைவாள்.”

“அதான் முடிச்சிட்டுக் குடும்.”

“முடிச்சா அவரு போயிருவாருல்லா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? வடை இன்னொன்று எடுத்துக்கொண்டார். காசு நான்தான் கொடுத்தேன்.